நாக்கடியில் ஆறு சொட்டு

ஜூன் 5, வியாழன்

இன்று ஒரு கருகல் தேநீருக்கு "நன்று" என்று மதிப்புப் போட்டுவிட்டேன். குன்னூரில் இருபத்திரண்டு வருடங்களாகத் தேயிலை ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற காரியமா இது? எங்கள் மேலாளர் பெலியப்பா சார் அதே கிண்ணத்தைத் தானும் உறிஞ்சினார், துப்பினார், என்னைப் பார்த்தார்.

"சுகிர்தா மேடம், இது டீயா, அடுப்புக் கரியா?"

பக்கத்தில் நின்ற ஜூட் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜூட் எனக்கு ஜூனியர். என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலிக்காரன்.

குற்றவாளிகள் இருவர். முதலாமவர் பிப்ரவரியில் இடது விலாவில் வந்த அக்கி. அக்கி போய்விட்டது, அது குடியிருந்த நரம்பு மட்டும் காலி செய்ய மறுக்கிறது. துணி பட்டால் எரிகிறது. இந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட முடியாமல், என் கணவரின் கல்யாணப் பட்டு வேட்டியை உடம்பில் சுற்றிக்கொண்டு அதன் மேல் ஸ்வெட்டர் போடுகிறேன். ருசி பார்ப்பதென்றால் ஒரே இழுப்பில், சத்தமாக, மூக்கு வரை ஏறும்படி உறிஞ்ச வேண்டும். அதற்கு விலா விரிய வேண்டும். நானோ பூனை பால் குடிப்பதுபோல நக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாமவர் மாத்திரை. "மன அழுத்தத்துக்குக் கொடுப்பதுதான், குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கேட்கும்" என்று நரம்பு டாக்டர் கொடுத்தது. கேட்கவும் செய்தது, பொய் சொல்லக்கூடாது, வலி பாதியாகிவிட்டது. ஆனால் வாய் வறண்டு நாக்கு உப்புத்தாளாகிவிட்டது. உப்புத்தாளுக்கு என்ன ருசி தெரியும்?

ஜூலை 11 அன்று கொச்சியிலிருந்து டைரக்டர் வருகிறார். பெயர் எழுதாத பன்னிரண்டு கிண்ணங்கள். நான் தேறாவிட்டால் ருசி அறையிலிருந்து இன்வாய்ஸ் மேஜைக்கு மாற்றம். சார் இதைச் சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்.

ஜூன் 6, வெள்ளி

மருந்துக் கடையில் நல்ல கூட்டம். கடைப் பையன் செல்வகுமார் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். "மேடம்! அந்த டிப்ரஷன் மாத்திரை ஸ்டாக் வந்துருச்சு!" மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். பக்கத்தில் மதினி.

மதினியைப் பற்றி எழுத வேண்டும். என் கணவரின் அக்கா, மங்கையர்க்கரசி. மதுவிலக்குப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேனிப் பக்கத்து மலைகளில் கஞ்சாத் தோட்டங்களைத் தேடித் தேடிக் கொளுத்தியவர். அக்கி வந்த செய்தி கேட்டு, "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று பச்சை டிரங்குப் பெட்டியோடு மார்ச்சில் வந்தார். இது ஜூன். என் கணவருக்குத் தூத்துக்குடி வங்கியில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். எனவே வீட்டில் நானும் மதினியும், எங்களுக்கு நடுவே மிகுந்த மரியாதையும்.

வழியெல்லாம் மதினி வேகமாக முன்னால் நடந்தார். கேட்டைத் திறக்கும்போது கேட்டார்.

"ஏத்தா, எந்தம்பி உன்னய அழ வைக்கிறானா?"

"இல்ல மதினி. அது விலா வலிக்கு."

"விலா வலிக்கு மனசு மாத்திரையா? திருடன் ஒரு வீட்டுல, விலங்கு பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

ஜூன் 10, செவ்வாய்

நரம்பு டாக்டர் மாற்றிக் கொடுத்த வேறொரு மாத்திரை. அதே ஜாதிதான். காலையில் ருசி அறையின் வாசனைக்கே குமட்டியது. எச்சில் தொட்டியை அதன் வாழ்நாளில் முதல் முறையாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். ஜூட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், பாவம்.

பழைய மாத்திரைக்கே திரும்பியாயிற்று. டாக்டரிடம் வேறு வழி கேட்டேன். கோயம்புத்தூரில் ஓர் ஆயுர்வேத டாக்டர் பெயர் சொன்னார். "ஆதாரம் கொஞ்சம்தான். பார்க்கலாம். ஆனால் என் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், நான் சொல்கிறபடி குறையுங்கள்."

ஜூன் 14, சனி

இன்றைய நாளைக் கண்ணாடி போட்டு மாட்டலாம்!

கோயம்புத்தூருக்கு மதினியும் துணைக்கு வந்தார். ஆயுர்வேத டாக்டர் ஷைலஜா நிதானமாக எல்லாம் கேட்டார். பிறகு, "விஜயா கொடுக்கிறேன். கஞ்சா இலையில் செய்த எண்ணெய். ஆயுர்வேதத்தில் பழைய மருந்து. சீட்டு இருந்தால்தான் கிடைக்கும்" என்றார்.

மதினி எழுந்து நின்றுவிட்டார். அனிச்சையாக.

"உட்காருங்க மேடம்."

"நான் உக்காந்தா கேஸ் உக்காந்துரும்."

"கேஸ் ஒன்றும் இல்லை மேடம், சட்டப்படிதான்." லைசென்ஸ் எண், சீட்டு, முத்திரை எல்லாவற்றையும் டாக்டர் காட்டினார். மதினி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். முகத்தில் ஏதோ பழைய எதிரியைக் கல்யாண வீட்டில் பார்த்த பாவனை.

டாக்டர் என்னிடம், "எல்லோருக்கும் கேட்காது. கேட்டாலும் வலி முழுக்கப் போகும் என்று நம்பாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். சாயங்காலம் நாக்கடியில் ஆறு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் வைத்திருங்கள், அப்புறம்..." என்றார்.

"வாயில் வைத்திருப்பதுதானே டாக்டர் என் தொழிலே!" என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவரும் சிரித்தார்.

மாலை ஏழரைக்கு முதல் சொட்டுகள். குறிப்பு: பச்சை வாடை. மழைக்குப்பின் வெட்டிய புல். பின்னால் எள். கடைசியில் நீளமான கசப்பு. ஏலத்தில் விட்டால் அடிமாட்டு விலைதான். வாஷ்பேசினில் பச்சையாகத் திட்டு ஒட்டிக்கொண்டது, சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

வெளியே வந்தால் மதினி நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அரை மணி நேரத்துக்கு நீ என் கஸ்டடி. உக்காரு. எதுவும் ஆச்சுன்னா சொல்லு."

எதுவும் ஆகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மாதத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல அத்தனை நேரம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 15, ஞாயிறு

எதுவும் ஆகவில்லை. மதினிக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று தோன்றியது.

ஜூன் 18, புதன்

மாத்திரை பாதியாகிவிட்டது. நாக்கின் நுனியில் மட்டும் லேசாக ஈரம். மாவு அரைத்தேன், கேஸ் புக் செய்தேன், மகளிடம் போனில் பேசினேன். அவள் பெங்களூரில் படிக்கிறாள். "அம்மா, அத்தை முன்னாடி நீ கஞ்சா அடிக்கிறியா?" என்று ஹாஸ்டலே கேட்கும்படி கத்தினாள். அடிப்பது இல்லையம்மா, சொட்டு.

அரை மணி நேரத்தில் மதினி ஒரு கதை சொன்னார். இட்லி மாவு டிரம்முக்குள் சரக்கு கடத்தியவனைப் பிடித்தார்களாம். நீதிமன்றத்துக்குப் போவதற்குள் மாவு புளித்துப் பொங்கி ஜீப்பின் பின் சீட் முழுக்க வழிந்துவிட்டதாம். "ஜட்ஜய்யா கேக்குறாரு, சாட்சிப் பொருள் எங்கன்னு. நான் பூட்ஸத் தூக்கிக் காட்டுனேன்."

சிரித்ததில் விலா வலித்தது. ஆனால் அது வேறு மாதிரி வலி.

ஜூன் 21, சனி

இன்றைய கதைதான் கதை.

கம்பம் பக்கம் ஒரு பெரிய புள்ளியைப் பிடிக்க, கல்யாண கோஷ்டி வேஷத்தில் வேனில் போனார்களாம். கான்ஸ்டபிள்கள் மேளக்காரர்கள். மாப்பிள்ளை ஏட்டையா. மதினிதான் பெண். பட்டுப் புடவை, நெற்றிச்சுட்டி, மாலை எல்லாம். வழியில் அந்தப் புள்ளியே வேனை நிறுத்தி, "நல்லாருங்க தாயி" என்று வாழ்த்தி ஐந்நூற்றியொரு ரூபாய் மொய் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டு கைது செய்துவிட்டார்கள்!

"கோர்ட்டுல நிக்கிறான். ஜட்ஜய்யா, எதுவும் சொல்லணுமாங்கிறாரு. அவன் கையெடுத்துக் கும்பிட்டு, 'குத்தத்த ஒத்துக்கிறேன் எசமான். ஆனா நான் மொய் எழுதுனேன். கல்யாணம் நடக்கல. அதத் திருப்பித் தரச் சொல்லுங்க'ங்கிறான்."

நான் சோபாவிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஒரு நாளுதான் நெத்திச்சுட்டி வச்சேன்" என்றார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. பக்கத்தில் விறைப்பாக ஏட்டையா. மதினி அதில் அவ்வளவு அழகு. நான் அதைச் சொன்னேன். சொன்னதும் இருவரும் பேச்சை மாற்றிவிட்டோம்.

எண்ணெய் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதென்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

மாத்திரை முழுக்க நின்றுவிட்டது. நேற்றும் முந்தாநாளும் ருசி அறையில் நான் போட்ட சத்தத்தில் ஜூட் துள்ளிவிட்டான். ஒரே இழுப்பு! விலா எரிகிறது, ஆனால் விரிகிறது. நாக்கில் ஈரம். கோத்தகிரிப் பக்கத்து ஒரு தேயிலையை வாயில் வைத்த உடனே, "இது மழை நின்ற மறுநாள் பறித்தது" என்றேன். சார் கேட்டலாகைப் பார்த்தார், தலையாட்டினார். எச்சில் தொட்டியில் துப்பியபோது சரியாக நடுவில் விழுந்தது. கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பட்டு வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. மேலெல்லாம் லேசாக இருக்கிறது. பேருந்தில் தெரியாத ஒரு அம்மாவுக்கு என் வர்க்கி ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். வாழ்க விஜயா!

ஜூலை 2, புதன்

எழுதவே கை வரவில்லை, சிரிப்பு.

ஏழரைக்கு வழக்கம்போல ஆறு சொட்டு, இரண்டு நிமிடம். மதினி புதுத் துண்டு வைக்கக் குளியலறைப் பக்கம் வந்தார். நான் பேசினுக்குக் குனிந்தேன்.

"ஏத்தா, என்ன பண்ற?"

"துப்புறேன் மதினி."

"எத?"

"சொட்ட."

மதினி துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "எத்தனை நாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடம்! வாயில் வைத்து, சுழற்றி, எடைபோட்டு, துப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம். விழுங்கினால் நாக்கு கெட்டுவிடும் என்று முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த வேலை. என் வாய்க்கு அது மருந்தென்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் "அப்புறம்..." என்றபோது நான்தான் குறுக்கே பாய்ந்துவிட்டேன்.

"முதல் நாள்லருந்து" என்றேன்.

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தோரு வருச சர்வீஸுல சாட்சிப் பொருள அழிச்சவய்ங்க எத்தனையோ பேரப் பாத்துருக்கேன். என் கண்ணு முன்னாடி, நான் காவலுக்கு உக்காந்திருக்கையில, தெனமும் கரெக்டா ஏழரைக்கு அழிச்சவ நீ ஒருத்திதான்!"

இருவரும் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். துண்டு நனைந்துபோயிற்று.

ஜூலை 3, வியாழன்

நாளை லீவு போட்டிருக்கிறேன். இன்று விழுங்கினேன். மதினி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விலா வலி பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. கேட்டுக்கு வெளியே காட்டெருமை ஒன்று வந்து நின்றது. நம் ஊரில் புதிதா என்ன? ஆனால் இன்று அது ஜூட் மாதிரியே இருந்தது. அந்தத் தோள், அந்த யோசனை. மதினியிடம் சொன்னேன். மதினி ஜூட்டைப் பார்த்ததே இல்லை, இருந்தும் ஒத்துக்கொண்டார். நான் ஒரு பாக்கெட் வர்க்கியும், மிஞ்சியிருந்த ரசத்தில் தோய்த்த அப்பளமும் சாப்பிட்டேன். உலகத்தில் அப்படி ஒரு உணவு கிடையாது.

"எப்படி இருக்கு?" என்றார் மதினி.

"தண்ணி வேணும்."

ஜூலை 4, வெள்ளி

வாய் வறண்டு கிடக்கிறது. காலையில் நாக்கு பஞ்சுபோல. வீட்டுத் தேநீரை உறிஞ்சிப் பார்த்தேன். வெந்நீருக்கும் அதற்கும் வித்தியாசம் நிறம்தான்.

அந்த மாத்திரையை விட்டு ஓடிவந்தது எதற்காகவோ, அதே இடத்துக்கு இந்த எண்ணெயும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. துப்பியதால்தான் தப்பித்திருக்கிறேன்!

டாக்டர் ஷைலஜாவுக்குப் போன் செய்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "வாய் வறள்வது இதிலும் உண்டு, சொல்லியிருக்க வேண்டும்" என்று வருந்தினார்.

"அப்படியானால் இத்தனை நாள் எனக்கு எப்படி டாக்டர் குறைந்தது?"

"நாக்கடியில் கொஞ்சம் ஊறியிருக்கும். நரம்பும் தானாக ஆற ஆரம்பித்திருக்கலாம், ஐந்து மாதம் ஆகிறதே. உறுதியாகச் சொல்ல முடியாது." அதோடு, "சொட்டு விட்டபின் அந்த அரை மணி நேரம் என்ன செய்வீர்கள்?" என்றார்.

"ஒன்றும் இல்லை. மதினி ஏதாவது பேசுவார். சிரிப்போம்."

"ம்ம்" என்றார். காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன்?

பரீட்சை முடியும்வரை எந்த மருந்தும் வேண்டாம், வலி தாங்கவில்லையென்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

சொட்டு இல்லை, காவலும் இல்லை. ஏழரைக்கு மதினி டிவி பார்த்தார். நான் துணி மடித்தேன்.

ஜூலை 9, புதன்

வலி திரும்பிவிட்டது. மழை காரணமாக இருக்கும். இந்த மழையில் யாருக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கும்? பட்டு வேட்டி மறுபடி வெளியே வந்துவிட்டது. உறிஞ்சும் சத்தம் பாதியில் உடைகிறது. ஜூட் கவனிக்காததுபோல இருந்தான்.

ஜூலை 10, வியாழன்

மதினி டிரங்குப் பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை கெளம்புறேன். மருந்தும் நிப்பாட்டியாச்சு. இனி நான் எதுக்கு, காட்டெருமைக்குக் காவலா?"

"சரி மதினி" என்றேன்.

மழை. விலா மிகவும் வலித்தது.

"போறதுக்கு முந்தி உன் ஸ்டேஷன ஒரு தடவ பாக்கணும்" என்றார். நாளைக்கு ருசி அறைக்கு வரச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வரிசையாகப் பன்னிரண்டு கிண்ணம். பால் சேர்த்த செம்மண் நிறம். கொச்சி டைரக்டர் வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை, பிளாஸ்டிக் கோப்பு. பெலியப்பா சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூலையில், முக்காலியில், முதுகு நிமிர்த்தி மதினி.

முதலில் டைரக்டர் ருசித்தார். அடைத்துக்கொண்ட சாக்கடை திறந்ததுபோல ஒரு சத்தம், பிறகு எச்சில் தொட்டிக்கு ஒரு நீண்ட வளைவு. சார் ருசித்தார். அதே சத்தம், அதே வளைவு. பெரிய மனிதர்கள் இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள் என்று மதினிக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

என் முறை. நான்கு கிண்ணம் எப்படியோ கடந்தேன். ஐந்தாவதில் விலாவில் தீ வைத்ததுபோல இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. வாயில் தேநீர், ஆனால் அது எங்கும் ஏறவில்லை, சும்மா கிடந்தது. டைரக்டர் கோப்பில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், இன்வாய்ஸ் மேஜை என்று நினைத்தேன்.

நிமிர்ந்தேன். மதினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்: 'நான் மொய் எழுதுனேன் எசமான்.'

ஐந்தாம் கிண்ணம் முழுவதும் டைரக்டரின் கோப்பின் மேல் போயிற்று. கொஞ்சம் என் மூக்கு வழியாக.

சிரித்தேன். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஜூட் சிரித்தான், என்னவென்றே தெரியாமல் பெலியப்பா சாரும் சிரித்தார். டைரக்டர் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "முடிந்ததும் ஆரம்பிக்கலாம் மேடம்" என்றார்.

முடிந்தபோது மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கரண்டியை எடுத்தேன். ஐந்து. ஆறு. ஏழு. ஒவ்வொன்றும் மூக்கு வரை ஏறியது, கதவு கதவாகத் திறந்ததுபோல. கடைசிக் கிண்ணத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"ஏழு கருகல், டிரையர் சூடு அதிகம். நாலும் ஒன்பதும் ஒரே தேயிலை. ஒன்பதில் பால் மட்டும் நேற்றையது."

டைரக்டர் நாலையும் ஒன்பதையும் மறுபடி உறிஞ்சினார். பால் பாத்திரத்தை முகர்ந்தார். நனைந்த கோப்பை மூடினார். "உங்கள் நாற்காலி உங்களுக்கே" என்றார். பிறகு மூலையைக் காட்டி, "அவர் யார்?"

நான் பதில் சொல்வதற்குள் மதினி எழுந்து விறைப்பாக நின்றார்.

"நான் சாட்சி சார்."

ஜூலை 12, சனி

காலை ஒன்பது மணி மேட்டுப்பாளையம் பேருந்தை மதினி தவறவிட்டார். வர்க்கி சூடாக வருகிறது, வாங்கிக்கொண்டு போங்கள் என்று நான்தான் பேக்கரியில் நிற்க வைத்தேன். அடுத்த பேருந்து கொஞ்ச நேரத்தில் வரும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மதினியும் முப்பத்தோரு வருடம் துப்பு துலக்கியவர், யாரையும் விசாரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். மழையிலும் விலா சும்மா இருந்தது.

அலமாரியில் என் புடவைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். தூசு தட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் ஷைலஜாவிடம் பேசி முடிவாகிவிட்டது. மறுநாள் ருசி அறை இல்லாத வெள்ளி, சனி மாலைகளில் மட்டும் ஆறு சொட்டு, விழுங்க வேண்டும், சாட்சி முன்னிலையில். மற்ற நாட்களில் ஒன்றும் கிடையாது. நரம்பு டாக்டரும் சரி என்றார். வலி போய்விடவில்லை. ஆனால் பட்டு வேட்டி பெட்டிக்குள் இருக்கிறது.

மாலை சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து குரல்.

"ஏத்தா, ஏழரை ஆச்சு!"

"இன்னைக்குத் திங்கக்கிழமை மதினி. சொட்டு இல்ல."

"சொட்ட யாரு கேட்டா? துருவினது போதும், வந்து உக்காரு."

போனேன். கடிகாரம் ஏற்கெனவே மடியில் இருந்தது.